ஒன்பது கறைகளும் சொமியேர் மண்ணும்

முதலில், நடந்தவை வரிசைப்படி:

1. என் அண்ணா ரமணனுக்கும் மிதுலாவுக்கும் கலியாணம் நிச்சயமானது. மிதுலா பிறந்து வளர்ந்தது தென் பிரான்சில், சொமியேர் என்ற சிறிய ஊரில். கலியாணமும் அங்கேதான்.

2. அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைதான். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டிய தாலியையும் கூறைப்புடவையையும் கொழும்பிலிருந்து கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது.

3. கூறையை அம்மாவே தெரிவு செய்தார். சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று வெள்ளிக்கிழமைகள், வெள்ளவத்தைக் காலி வீதியில் கடை கடையாக, அந்த முழங்காலோடு நடந்தார். பிறகு கோயிலில் வைத்து அர்ச்சனை செய்வித்தார்.

4. குத்துவிளக்குக்கென்று நல்லெண்ணெய் ஒரு போத்தலும் தந்தார். கொட்டாஞ்சேனையில் அவர் நம்பும் ஒரேயொரு செக்கில் வாங்கியது.

5. நான் பட்டியல் போட்டேன். தாலி கைப்பையில். கூறை கசங்காமல் தட்டையாகப் பெரிய பெட்டியில். எண்ணெய் சின்னப் பெட்டியில், இரண்டு பொலித்தீன் பைக்குள்.

6. விமான நிலையத்தில் சின்னப் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. தரையில் குந்தியிருந்து இரண்டு பெட்டியையும் திறந்து சாமான்களை மாற்றினேன். நிறையை மட்டும் பார்த்தேன். எது எதற்குப் பக்கத்தில் போகிறது என்று பார்க்கவில்லை.

7. புதன்கிழமை பின்னேரம் சொமியேரில் பெரிய பெட்டியைத் திறந்தபோது போத்தல் காலியாக இருந்தது.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. இனி நாள்வாரியாக எழுதுகிறேன்.

புதன்கிழமை பஸ்ஸையே தவறவிட்டேன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்குள் இருந்துகொண்டே ஊரைத் தவறவிட்டேன். நீம் என்ற நகரத்தில் வேலை செய்யும் அண்ணா அன்று லீவு எடுக்க முடியாததால், "பஸ்ஸில ஏறு, ஊர் வந்தா இறங்கு" என்று செய்தி அனுப்பியிருந்தார். ஊர் வந்தால் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். வெள்ளவத்தை வந்தால் கொண்டக்டர் மூன்று தரம் கத்துவார். நித்திரை கொண்டவர்களும் எழும்பி இறங்குவார்கள். இந்த பஸ்ஸில் கொண்டக்டரே இல்லை. இறங்க வேண்டியவர் சிவப்புப் பொத்தானை அமர்த்த வேண்டுமாம். ஒரு பாலமும் கடந்து திராட்சைத் தோட்டங்கள் வந்த பிறகுதான் சாரதியிடம் போய் "சொமியேர்?" என்று கேட்டேன். அவர் பெருவிரலைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் காட்டினார்.

இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன். அதனால் ஒரு நன்மை. ஊரை முதன்முதலாக ஆற்றின் மறுகரையிலிருந்து பார்க்கக் கிடைத்தது.

ஆற்றின் பெயர் விதூர்ல். ஆனி மாதம் என்பதால் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடந்தது. அதன் மேலே ரோமர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் கட்டிய கற்பாலம். ஏழு வளைவுகள் எண்ணினேன். தூண்களின் மேலே, வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் சின்னச் சின்ன வாசல்கள் விட்டிருந்தார்கள். வெள்ளம் ஏறினால் தண்ணீர் பாலத்தைத் தள்ளாமல் அதற்குள்ளால் போகட்டும் என்பதற்காக. அத்தனை காலத்துக்கு முன்பு ஒருவர் இதை யோசித்திருக்கிறார். பாலத்தின் மேலே இன்றும் கார் ஓடுகிறது. மறுமுனையில் பாலத்தின் மீதே எழுப்பிய ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். அதன் அடியிலுள்ள வாசலால்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். பெட்டிச் சில்லுகள் கல்லில் தடதடக்க நுழைந்தேன்.

கலியாணத்துக்கு முன்பு மாப்பிள்ளைப் பகுதி பெண்வீட்டில் தங்கக் கூடாது என்பதால் அண்ணா பழைய வீடொன்றின் மேல்மாடியை ஒரு கிழமைக்கு எடுத்திருந்தார். கீழ்த்தட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் கல் நிலமும் ஒரு சைக்கிளும். ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்குகிறார்கள் என்று அப்போது யோசித்தேன்.

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூடி கழன்று, எண்ணெயில் பெரும்பகுதி பொலித்தீன் பைகளுக்குள் நின்றிருந்தது; கசிந்த மிச்சம் கூறையில்.

மடித்த புடவையில் ஒரு கறை ஒரு கறையாக நிற்பதில்லை. எண்ணெய் மடிப்பு மடிப்பாக இறங்கும். அரக்குச் சிவப்புப் புடவையைக் கட்டிலில் நீளத்துக்கு விரித்தபோது ஒன்பது கறைகள் வரிசையாக இருந்தன. முந்தானையில் முதலாவது, என் உள்ளங்கை அளவு. அடுத்தது கொஞ்சம் சிறியது. அதற்கடுத்தது இன்னும் சிறியது. ஆரோ எண்ணெய்க் காலோடு நடந்து போனதுபோல. நான் கடதாசித் துண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைத்தேன்.

வேலை முடிந்து வந்த அண்ணா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன தாட்சா, கொலை நடந்த இடம் மாதிரி நம்பர் எல்லாம் போட்டு வைச்சிருக்கிறாய்?"

"எண்ணெய் கொட்டிட்டுது அண்ணா."

அவர் கதிரையில் இருந்தார். "கலியாணச் சாமான்ல எண்ணெயோ? அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

அதுதான் பிரச்சினை. வெளிக்கிடும்போது எண்ணெயோடு ஆரும் எதிர்ப்பட்டாலே திரும்பி வந்து, செம்பில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வீடு எங்களுடையது. மகனின் கலியாணத்துக்கு வர முடியாமல், அந்தக் கூறையைத்தான் அம்மா தனக்குப் பதிலாக அனுப்பியிருந்தார். அதில் எண்ணெய்.

"சித்தப்பாவும் சித்தியும் சனிக்கிழமை பாரிஸில இருந்து வருவினம்தானே. சித்தியிட்டச் சொல்லி லா சப்பலில வேற கூறை ஒண்டு வாங்குவிப்பம். தமிழ்க் கடை எத்தினை கிடக்கு அங்க," என்றார் அண்ணா.

"இல்லை. அம்மா அந்த முழங்காலோட மூண்டு வெள்ளிக்கிழமை நடந்தவ. இதைத்தான் மிதுலா உடுக்க வேணும்."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ. சித்திக்குக் கடைக்குப் போக அதுக்குப் பிறகும் நேரம் இருக்கும்."

அண்ணா தலையைச் சொறிந்தார். "இந்த ஊரின்ர பேரில ஒரு மண் விக்கிறவங்கள். எண்ணெய்க் கறைக்குப் போடுறது. பாரிஸில கூடக் கடைத் தட்டில கண்டிருக்கிறன்."

மண் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் தொழிலே மண். கொழும்பில் கட்டடம் எழும்ப முன்பு நிலத்தைத் துளைத்து மண்ணெடுத்துப் பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அண்ணா என்னை வீட்டுச் சாமான் கடையொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரி ஓடில், நாற்பது வயது மதிக்கலாம், கட்டையாக வெட்டிய தலைமயிர், முழங்கை வரை மடித்த சட்டை. கவுண்டருக்குப் பின்னால் சுவரில், என் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நீலக் கோடு ஒன்றும் 2002 என்ற எண்ணும் இருந்தன. அதுவரை வெள்ளம் வந்ததாம். கோட்டுக்குக் கீழே இருந்த தட்டுகளில் பிளாஸ்டிக் வாளிகள், தும்புத்தடிகள், கயிறு. கோட்டுக்கு மேலே பொடிகள், கடதாசி, பல்புகள். அவற்றை எடுக்க ஏணி வைத்திருந்தார்.

"ஏன் அந்தக் கோட்டை மறைத்து வண்ணம் பூசவில்லை?" என்று அண்ணா மூலம் கேட்டேன்.

"அழித்துவிட்டால் எதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஓடில்.

எனக்கு உடனே கொழும்பில் ஆற்றோரம் இருக்கும் கிராண்ட்பாஸ் ஞாபகம் வந்தது. என்னோடு வேலை செய்யும் ஃபரீனாவின் வீட்டில் ஃபிரிட்ஜ் எப்போதும் நான்கு சீமெந்துக் கற்களின் மேல்தான் நிற்கும். களனி கங்கை பெருகும் காலம் மட்டுமல்ல, வருடம் முழுக்க. புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஓடில் ஏணியில் ஏறி ஒரு டின் எடுத்துத் தந்தார். சாம்பல் வெள்ளையில், மாவைவிட மென்மையான பொடி. இந்தப் பக்கத்தில் கம்பளித் துணியும் தோலும் செய்து விற்ற காலத்தில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க இந்தக் களிமண்ணைத்தான் பாவித்தார்களாம். குழி இருந்தது பக்கத்துக் கிராமத்தில். பெயர் போனது இந்த ஊருக்கு. "இப்போது டின்னில் வருவது எந்தக் குழியிலிருந்து என்று என்னிடம் கேட்காதீர்கள்," என்றார். பிறகு எப்படிப் பாவிப்பது என்று விளக்கத் தொடங்கினார். அண்ணாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "போட்டு வைச்சிட்டுப் பிறகு தட்டிவிடட்டாம்" என்று இரண்டு நிமிடப் பேச்சை ஒரு வரியில் மொழிபெயர்த்துவிட்டு ஓடினார்.

எனக்கு அந்த ஒரு வரி போதும் என்று நினைத்தேன். களிமண்ணைப் பற்றி ஆரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரைன் டிரைவில் மாடிக் கட்டடங்களுக்கு அத்திவாரத் துளை போடும்போது பக்கம் இடியாமல் இருக்க இதே வகைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவார்கள். நான் நாள்தோறும் அதன் தடிப்பை அளக்கிறேன். ஆகவே அளவாகத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். நல்ல வேளையாக ஒழுங்கை விடவில்லை: முதலில் சின்ன இடத்தில் பரிசோதனை. ஒன்பதாவது கறை, இடுப்பில் சொருகும் உள்முனைக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பூசிக் காயவிட்டு வெளியே போனேன்.

அன்று பாலத்தின் அடியைப் பார்த்தேன். ஊரே அந்தப் பாலத்தைத் தின்றுகொண்டு வளர்ந்திருக்கிறது. ரோமர்கள் கட்டியபோது ஆறு இன்னும் அகலம். பாலமும் இன்னும் நீளம். பிறகு வந்தவர்கள் பாலத்தின் ஓரத்தில் கடை போட்டார்கள், வளைவுகளுக்கு இடையில் வீடு கட்டினார்கள், கடைசியில் ஆற்றுப் படுக்கையிலேயே ஊர் வந்துவிட்டது. மீதி வளைவுகள் இன்றும் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் இருக்கின்றன. ஒருவர் வீட்டில் அது நிலவறை. இன்னொருவர் கடையில் அது களஞ்சியம். ஆற்றில் வீடு கட்டினால் ஆறு வீட்டுக்கு வரும். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் இதை நாங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் 'பிராந்தாத்' என்று எழுதியிருந்ததை விரலால் காட்டிக் கேட்டேன். உப்பில் காயவைத்த மீனை ஊறவைத்து, ஒலிவ் எண்ணெய் விட்டு இடித்த களி. அதாவது கருவாடு. மிளகாய் இல்லாத கருவாடு. இரண்டு வாய் சாப்பிட்டு, தேசிக்காய் கேட்டு வாங்கிப் பிழிந்த பிறகு சரியாக வந்தது.

திரும்பி வந்து காய்ந்த மண்ணை உரித்தேன். எண்ணெய் அப்படியே இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் ஊறிய வளையம் ஒன்று புதிதாக வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் அழைத்தார். நான் கமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பிள்ளை, கூறையை வெளியில எடுத்து வைச்சிட்டியே?"

"ஓம் அம்மா. விரிச்சு வைச்சிருக்கிறன்."

"விரிச்சோ? ஏன் விரிச்சனி?"

"மடிப்பு நிக்கட்டும் எண்டு."

"ம்," என்றார் அம்மா. பிறகு, "சாப்பிட்டனியே?" என்றார்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தபோது நான் வாசலில் நின்றேன். கைபேசியில் வளையத்தின் படத்தைக் காட்டினேன். ஓடில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலி பெண்குரலில் அமைதியாகச் சொன்னது: "நீங்கள் சுவர் கட்டப் போகிறீர்களா?"

தண்ணீரே கூடாதாம். உலர்ந்த பொடியைக் குவியலாகப் போட வேண்டும். நாலைந்து மணித்தியாலம் தொடக் கூடாது. பிறகு மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, கறை மிச்சமிருந்தால் புதிதாகப் போட்டு, மேலே மெல்லிய கடதாசி வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைப் பிடிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, பிடிக்க மட்டும். நான் ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. தன் சொந்தத் தூரிகையை எடுத்துத் தந்து, "திங்கட்கிழமை திரும்ப வேண்டும், பொறியியலாளரே," என்றார்.

பத்து மணிக்கு ஒன்பது குவியல்கள் போட்டேன். இனி மண் தன் வேலையைச் செய்ய வேண்டும். எனக்கு வேலை இல்லை. பக்கத்தில் இருந்தால் கை வைத்துவிடுவேன் என்று தெரியும். ஆகவே மறுபடி நடந்தேன்.

ஊரில் இரண்டு சந்தைச் சதுக்கங்கள். மேல் சந்தை, கீழ்ச் சந்தை. கீழ்ச் சந்தைக்குப் பாலத்துத் தெருவிலிருந்து படியால் இறங்க வேண்டும். ஒரு காலத்து ஆற்று மணலின் மட்டத்துக்கு. சுற்றிலும் வீடுகள் கல் வளைவுகளின் மேல் கால் தூக்கி நிற்கின்றன. வாழும் வீடு மேல்மாடியில்தான் தொடங்குகிறது. என் வாடகை வீட்டின் வெறும் கீழ்த்தட்டு அப்போதுதான் விளங்கியது. அது வீணான இடமில்லை. ஆற்றுக்கென்று விட்ட இடம். சுவர்களில் வெள்ளங்களின் உயரத்தைக் கல்லில் வெட்டி, கீழே வருடத்தைப் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக. எதையும் மறைக்கவில்லை. நான் கோடுகளைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினேன். மூன்று மணிக்கு மிதுலா வந்துவிட்டா.

தாலி கட்டும் அன்றைக்கு மணவறையில்தான் கூறை பெண்ணின் கைக்குப் போக வேண்டும். அதற்கு முன் காட்டும் வழக்கமில்லை. கீழ்க்கதவைப் பூட்டாதது என் பிழை. அவ கையில் புட்டுப் பாத்திரத்தோடு அறை வாசலில் நின்று, கட்டிலில் விரித்திருந்த சிவப்புப் பட்டையும் ஒன்பது வெள்ளைக் குவியல்களையும் பார்த்தா.

"என்ன மச்சாள், என்ர கூறையில கோலம் போடுறியளோ?"

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "ஒண்டு, நல்லெண்ணெய் கொட்டிட்டுது. ரெண்டு, அது என்ர பிழை. மூண்டு, அஞ்சு மணிக்குள்ள போகாட்டி வேற வாங்குவம்."

"ஐயோ, உண்மையாவே நம்பர் போட்டுத்தான் கதைப்பியளோ? அவர் சொல்லேக்க பகிடி எண்டு நினைச்சன்." பாத்திரத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தா. முகம் கொஞ்சம் வாடியது. இல்லை என்று சொல்லமாட்டேன். "முந்தானையிலயுமோ?"

"முந்தானையிலதான் பெரிசு."

அவ கட்டில் விளிம்பில் இருந்தா. "எனக்கு மூண்டு வயசில இஞ்ச பெரிய வெள்ளம் வந்தது. அப்ப நாங்கள் கீழ்த்தட்டில இருந்தனாங்கள், வாடகை குறைவு எண்டு. கலியாண அல்பம் ஆத்தோட போயிட்டுது. அம்மாவின்ர கூறையைச் சேத்துக்குள்ள இருந்துதான் இழுத்து எடுத்தவை. இப்பவும் மண் நிறத்திலதான் கிடக்கு."

"பிறகு?"

"பிறகென்ன? அப்பா இப்பவும் குறட்டை விடுறார். அம்மா இப்பவும் ஏசுறா." சிரித்தா. "எனக்குச் சகுனப் பயம் இல்லை மச்சாள். ஆனா மாமிக்கு நீங்கள் சொல்ல வேணும். அவ என்னட்டக் கேட்டா என்ர முகத்திலயே தெரிஞ்சிடும். எனக்குப் பொய் வராது."

"சொன்னா அம்மா அங்க தனிய இருந்து யோசிச்சுக்கொண்டு இருப்பா. தாலி ஏறட்டும். பிறகு நானே சொல்லுறன்."

"சத்தியமா?"

"பட்டியல்ல எழுதுறன்." எழுதினேன்.

இருவருமாகத் தூரிகையால் தட்டினோம். நான்கிலிருந்து ஒன்பது வரை எண்ணெய் போய்விட்டது. ஒன்பதில் என் தண்ணீர் வளையம் மட்டும் இருந்தது. அது சொருகலுக்குள் மறையும். மூன்றாவது மங்கலாக. இரண்டாவது இன்னும் தெளிவாக. முதலாவது நேற்றைவிடப் பாதி.

ஐந்து மணிக்கு அண்ணா வேலையிடத்திலிருந்து அழைத்தார். "சித்திக்கு எடுக்கட்டே? இப்ப சொன்னாத்தான் போய் வாங்குவா."

நான் மிதுலாவைப் பார்த்தேன். அவ கைமுழுக்க வெள்ளைப் பொடியோடு, வேண்டாம் என்று தலையை ஆட்டினா.

"வேண்டாம் அண்ணா. இதுதான்."

சனிக்கிழமை பிரெஞ்சுச் சட்டப்படிப் பதிவுத் திருமணம். நகரசபைக் கட்டடத்தில் மூவர்ணப் பட்டி போட்ட பெண்மணி ஒருவர் சட்டப் பிரிவுகளை வாசித்தார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். பாரிஸிலிருந்து வந்திறங்கிய சித்தப்பா மெதுவாக, "இது எழுதியெல்லோ குடுக்கினம், எங்களுக்கு ஆரும் எழுதித் தரேல்லை," என்றார். சித்தி முழங்கையால் இடித்தா.

வெளியே வந்தால் ஊர் முழுக்கச் சனிக்கிழமைச் சந்தை. புறக்கோட்டையின் நெரிசல், ஆனால் ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை. அதனால் நகர்வதும் இல்லை. பத்து வகை ஒலிவ் காய் வைத்திருந்த ஒருவர் ஒவ்வொன்றாகச் சுவைக்கத் தந்து, நான் வாங்காமல் நகர்ந்தபோது, "காலைச் சாப்பாடு முடிந்துவிட்டதா, மதாம்?" என்று கேட்டதாக மிதுலா மொழிபெயர்த்தா. வெட்கத்தில் கால் கிலோ வாங்கினேன்.

கூறையில் காலையிலேயே புதுப் பொடி போட்டிருந்தேன். மத்தியானம் மலையேறிக் கோட்டைக்குப் போனேன். கோட்டை என்றாலும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு சதுரக் கோபுரம்தான். மதச் சண்டைக் காலத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இந்த ஊரை மாறி மாறி முற்றுகையிட்டுப் பிடித்திருக்கிறார்கள். பிறகு வெகுகாலம் புரட்டஸ்தாந்தரை அடைத்த சிறை. மேலிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகள், மணிக்கூட்டுக் கோபுரம், ஆறு. பாலம் பாதி தண்ணீரில், பாதி ஊருக்குள். முற்றுகையையும் வெள்ளத்தையும் கண்டுவிட்டு, சந்தை நாளில் ஒலிவ் காய் விற்கும் ஊர். நான் அதிக நேரம் நிற்கவில்லை. இஸ்திரிப்பெட்டி வேலை இருந்தது.

கடதாசி வைத்து, பிடித்து, எடுத்தேன். கடதாசியில் எண்ணெய் வட்டமாக ஏறியது. இருபத்திரண்டு கடதாசி. கடைசிக் கடதாசி வெறுமையாக வந்தபோது இரண்டும் மூன்றும் போயிருந்தன. ஒன்றாம் இலக்கத்தில், சரிகை அன்னங்களுக்கு நடுவில், சிவப்பு ஒரு சாயல் கூடுதலாக நின்றது. தெரிந்தவர் தேடினால் தெரியும். அதற்கு மேல் மண்ணாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புற மண்டபத்தில் கலியாணம். அம்மாவின் முகம் தெரியும் கைபேசியை மணவறைக்கு முன்னால் ஒரு தாங்கியில் நிறுத்தியிருந்தோம். வெள்ளவத்தையில் அப்போது பின்னேரம் இரண்டு மணி. அம்மாவுக்குப் பின்னால் எங்கள் அடுக்குமாடிச் சனம் முழுக்கக் கதிரை போட்டு இருந்தது. தாலியும் கூறையும் வைத்த தட்டை நான் சபையில் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். ஓடிலும் வந்திருந்தார், அவர் தட்டைத் தொடவில்லை, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் புடவையை உற்றுப் பார்த்துவிட்டு எனக்குப் பெருவிரலைக் காட்டினார்.

மிதுலா கூறையை உடுத்துக்கொண்டு வந்தா. முந்தானையை ஒடுக்கமாக மடித்துக் குத்தியிருந்தோம். மேளம் கொட்டத் தாலி ஏறியது.

கூட்டம் சாப்பிடப் போன பிறகு நான் கைபேசியைக் கையில் எடுத்தேன். நான் வாய் திறக்க முன் அம்மா கேட்டார்:

"பிள்ளை, விளக்குக்கு நான் தந்துவிட்ட எண்ணெயே விட்டனியள்?"

என் பட்டியலில் புடவை இருந்தது. எண்ணெய் எங்கே என்று அம்மா கேட்பார் என்பது இருக்கவில்லை.

"இல்லை அம்மா. அது கொட்டிட்டுது. கூறையிலதான் கொட்டினது. நான்தான் பெட்டியில மாத்தி வைச்சனான்."

அம்மாவின் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதா, அம்மா நின்றுவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் பக்கத்து வீட்டு அன்ரி விசிறுவது தெரிந்தது. இணைப்பு நிற்கவில்லை.

"முந்தானையில அஞ்சு அன்னம் தெரிய வேணும்," என்றார் அம்மா. "மூண்டுதான் தெரியுது. அவள் உடுத்து வரேக்கையே எண்ணினனான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீ வியாழக்கிழமை புடவையை விரிச்சு வைச்சிருக்கிறன் எண்டு சொல்லேக்கையே ஏதோ நடந்திட்டுது எண்டு தெரியும். கேட்டா நீ பதறுவாய். பதறினா வேலை நடக்காது."

"எண்ணெய் அம்மா... சகுனம்..."

"எங்க கொட்டினது?"

"இஞ்ச வந்து திறக்கேக்கதான் கண்டனான்."

அம்மா யோசித்தார். என் அம்மா ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கும்போது வலது பக்கக் கன்னத்தை உள்ளுக்கு இழுப்பார். இழுத்தார்.

"வெளிக்கிடேக்க எதிர்ப்பட்டாத்தான் சகுனம். போய்ச் சேர்ந்தாப் பிறகு கொட்டினா அது வெறும் எண்ணெய். மிதுலாவைக் கூப்பிடு."

மிதுலா வந்து கைபேசிக்கு முன்னால் நின்றா. அம்மா, "முந்தானையை விரிச்சுப் போடு பிள்ளை, நான் அஞ்சு அன்னத்தையும் பாக்க வேணும்," என்றார். ஊசியைக் கழற்றி விரித்தோம். அம்மா பார்த்தார். வெள்ளவத்தையின் மாடிச் சனம் முழுக்க எட்டிப் பார்த்தது.

இன்றைய நிலை இது. கூறை மிதுலாவின் அலுமாரியில் இருக்கிறது. எட்டுக் கறைகள் போய்விட்டன; ஒன்று மங்கலாக இருக்கிறது; நான் உண்டாக்கிய தண்ணீர் வளையமும் இருக்கிறது. தூரிகையைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போது தடியில்லாமல் நடக்கிறார். மிச்ச மண் அரை டின், எங்கள் குசினி அலுமாரியில், புதிய நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.